சுருக்குப் பையின் மறுபாதி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தங்கச்சி குட்டி இன்னும் என்னைத் தேடுகிறாளா? நான் சௌக்கியம்.

அவளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன் அல்லவா, நூலும் ஊசியும் வைக்க ஒரு சுருக்குப் பை தைத்தேன். நீங்கள் கொடுத்த நீலப் பூப்போட்ட துணிதான். நாடா என் பழைய பாவாடையில் உருவியது. நேற்று ஃபேக்டரி வாசலில் சோதனை. காவலாளி பையைத் தூக்கிப் பிடித்து, "இது நம்ம தையல் துணி மாதிரி இருக்கே?" என்றார். "எங்கம்மா குடுத்ததுங்க" என்றேன். சூப்பர்வைசர் சிரித்தார். "அப்ப அம்மாவையே சாட்சிக்கு வரச் சொல்லு."

பெரிதாக ஒன்றுமில்லை. விசாரணை முடியும்வரை எனக்கு ஓய்வு, அவ்வளவுதான். பையும் பாதி ஸ்வெட்டரும் அவர் மேசையில் இருக்கின்றன.

ஒரு சின்ன உதவி. மீதித் துணியில் தலையணை உறை தைத்தீர்களே, அதை இக்கடிதம் கிடைத்ததுமே கூரியரில் அனுப்புங்கள். போட்டோ போதாதாம். துவைக்க வேண்டாம், உங்கள் தலையெண்ணெய் வாசனை இருக்கட்டும். அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். இதை அவளிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். அவள் வெளியே போனதும் என்னை உள்ளே வைத்து அறையைப் பூட்டிச் சாவியைக் காவலாளி எடுத்துப்போய்விடுவார்.

அவசரத்துடன்,
உங்கள் பெரியவள்