படகுகள் இறங்காத நாளும் சவரிமுத்து கப்பலேறிய நாளும்

சர்வேசுரனின் நிழலில் இளைப்பாறும் என் அருமை அக்கா மதலேனாளுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்று உனக்காக நம் மாதா கோயிலில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். செபம் முடிந்ததும் இதை உரக்க வாசிக்கப் போகிறேன். உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியவைதான். ஆனால் நீ எதையும் தனியாக வைத்துக்கொண்டவள் இல்லையே.

ஏரியில் இப்போது இறால் நன்றாகக் கிடைக்கிறது. காலையில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். அவர்களுக்குள் உன் முதுகைத் தேடுகிறேன். வாயில் பறி இருக்கும்வரை பேச முடியாது என்பதால், கரையேறியதும் அத்தனை நேரத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசுவாயே! உன் புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு என்னோடு வந்து தங்கிய அத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தில்தான் நான் கஞ்சி குடித்தேன். இப்போது வீட்டில் அடுப்பு எரிகிற சத்தம்கூடக் கேட்கிறது அக்கா.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பஞ்சத்தைப் பார்த்ததில்லை. அவர்களுக்காகக் கொஞ்சம் பழசைச் சொல்கிறேன். நான் எங்காவது தப்பினால் உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்.

மழை பொய்த்த காலம் அது. உள்நாட்டிலிருந்து நெசவாளிக் குடும்பங்கள் நடந்து நடந்து பழவேற்காட்டுக்கு வந்து விழுந்தன. ஒல்லாந்தர் கோட்டை இருக்கிற ஊர், துணி வாங்குகிற ஊர், இங்கே பிழைத்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள். அவர்களுக்கு நம் சவரிமுத்துத் தரகர் ஏரியோரத்தில் கொட்டகை போட்டுக் கஞ்சி ஊற்றினார். அவர் நம் கோயிலின் பெரிய மனிதர். பீடத்து விளக்குக்கு வருஷம் முழுக்க எண்ணெய் அவருடையதுதான். ஞாயிற்றுக்கிழமை செபம் நடத்துகிற நானே அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறினேன்.

ஒரு நாள் அந்தக் கொட்டகையின் பின்பக்கம் நீ இறால் தடவிக்கொண்டிருந்தாய். ஓலைத் தடுப்புக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, உப்பளம் எந்தப் பக்கம் இருக்குது?"

நீ பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னாத்துக்கும்மா கேக்கற?" என்றாய்.

"என் வூட்டுக்காரர உப்பளத்து வேலைக்குனு போன மாசம் கூட்டினு போனாங்க. அப்புறம் ஒரு சேதியும் இல்ல. இப்ப எங்களையும் அங்கதான் கூட்டிப்போறதா சொல்றாங்க. வெளியில வந்து பாக்கலாம்னா கதவு பூட்டிக்கிடக்குது."

அவள்தான் நாகம்மா. அந்தப் பஞ்சத்தில் எந்த உப்பளத்திலும் ஆள் எடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம் இந்தக் கரையை விட்டுப் போனது ஒரு கப்பல் மட்டும்தான் என்பதும் தெரியும். கிழக்கே தீவுகளுக்குப் போகும் கப்பல். அடுத்தது முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது.

ஈரச் சேலையோடு நேரே சவரிமுத்து வீட்டுக்குப் போனாய். பின்னாலேயே நானும் ஓடி வந்தேன்.

"அண்ணே, அந்த ஜனங்கள கப்பலுக்கு விக்கிறியா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பொறுமையாகவே பேசினார். "மதலேனா, நான் கஞ்சி ஊத்தலன்னா இதுங்க என்னிக்கோ செத்திருக்கும். அங்க போனா ஒரு வேள சோறாவது நிச்சயம். இது தர்மம் இல்லியா? பஞ்சம் நானா குடுத்தேன்? சர்வேசுரன் குடுத்த தண்டன அது."

"சோறு போட்டா ஆளே உன்னுதாயிடுமா அண்ணே?" என்று கேட்டாய். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் செபம் தொடங்குவதற்கு முன்பே நீ எழுந்து பீடத்துக்குப் போனாய். விரலை எச்சிலில் தொட்டு விளக்குத் திரியை அணைத்தாய். "அந்த ஜனங்க வெளிய வர்ற வரைக்கும் இந்த எண்ணெயில இங்க விளக்கு எரிய வேணாம். சாமிக்கு இருட்டு ஒண்ணும் பயமில்ல" என்றாய். சவரிமுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை அன்று என்னால் பார்க்க முடியவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் படகுக்காரர்களின் பெரியவர் சூசை மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "மேல ஒருத்தர் பாத்துனுதான் இருக்காரு. அவரே ஒரு நாள் நீதி பண்ணுவாரும்மா" என்றார்.

நீ சட்டென்று திரும்பினாய். "மாமா, நாம அவர பாத்துனு இருக்கோம். அவரு நம்ம கைய பாத்துனு இருந்தா? கொட்டாயிலிருந்து கப்பலுக்கு அந்த ஜனங்க நடந்தா போவாங்க? உங்க படகுலதான போவணும்?"

பஞ்சத்தில் படகுக்காரர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஒரு நடை போனால் அரிசி கிடைக்கும். அதை விட்டுவிடச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாமலில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றாய். சில பெண்கள் உன்னைத் திட்டினார்கள். "உனக்கு இன்னா, புள்ளையா குட்டியா?" என்று ஒருத்தி கேட்டதை வீட்டுக்கு வந்து சொல்லி அழுதாய். மறுநாள் மறுபடி அவள் வாசலுக்கே போனாய்.

ஆட்களை ஏற்ற வேண்டிய காலையில் ஒரு படகுகூடத் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. சூசை மாமா தன் படகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். சவரிமுத்து அரிசியை இரட்டிப்பாகத் தருகிறேன் என்றார், பிறகு மிரட்டினார், பிறகு வேறு படகு பிடிக்கச் சுண்ணாம்புக்குளம் பக்கம் ஆள் அனுப்பினார். அங்கேயும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வாடைக்காற்று தொடங்குவதற்குள் கப்பல் போயாக வேண்டும். எத்தனை நாள்தான் அது காத்திருக்கும்? ஒரு காலையில் பாய் விரித்துக் கிளம்பிவிட்டது. கஞ்சி ஊற்றக் கட்டுப்படியாகாமல் சவரிமுத்து கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார். கண் கூச வெளியே வந்தவர்களில் நாகம்மாவை நீ குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாய்.

அதற்கு அடுத்ததுதான் எனக்கு வெகுநாள் புரியாதது. ஊரே கம்பைத் தூக்கிக்கொண்டு சவரிமுத்து வீட்டுக்குப் போயிற்று. நானும் போனேன். அங்கே வாசலை அடைத்துக்கொண்டு நீ நிற்கிறாய்.

"அடிச்சா அவருக்கு வலிக்கும். அதோட நாகம்மா புருசன் வந்துடுவானா? எடுத்தத எடுத்த எடத்துல வெக்கச் சொல்லுங்க. அதுக்கு அவரு உசுரோட இருக்கணும்."

"இவன உட்டா சாமி எப்படிக்கா ஒத்துக்கும்?" என்று கத்தினேன்.

"உடல தம்பி. நான் அவர உடவே இல்ல" என்றாய்.

அது உண்மைதான். ஒவ்வொரு வருஷமும் திருநாளுக்கு அவர் வீட்டுக்குப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாய். "அண்ணே, போனவங்க போனவங்கதானா?" அவர் கதவைச் சாத்திக்கொள்வார். கோயில் பக்கம் வருவதையும் விட்டுவிட்டார். நீ திரும்பி வந்து கருவாடு உலர்த்துவாய். கப்பல் வருகிற பருவத்தில் கரைக்குப் போய், இறங்குகிற மாலுமிகளிடம் வெங்கையா என்ற நெசவாளியை, நாகம்மாவின் புருஷனை, பார்த்தீர்களா என்று கேட்பாய். அவனோடு போன மற்றவர்களின் பெயர்களும் உனக்கு மனப்பாடம். யாரும் பார்த்ததில்லை. போன மழைக்குக் காய்ச்சல் கண்டு, நினைவு தப்பிக் கிடந்தபோதும் அந்தப் பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். சில பேர் அதைச் செபம் என்று நினைத்தார்கள். செபமில்லை என்று நான் எப்படிச் சொல்வது?

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாத செய்தி.

போன மாதம் சவரிமுத்து நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். முடியெல்லாம் வெளுத்து, கண்ணும் மங்கிவிட்டது. "இந்தத் திருநாளுக்கு மதலேனா வரல. கதவுகிட்ட உக்காந்துனே இருந்தேன்" என்றார். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?

வீட்டை விற்றுவிட்டாராம். தீவுக்குப் போகிற கப்பலில் ஏறப்போகிறாராம். "தேடிப் பாக்கறேன். இருக்கறவங்கள மீட்டுக் கூட்டினு வரேன். இல்லாதவங்க எங்க பொதைஞ்சாங்கனு கேட்டுனு வரேன். பேருங்க எனக்கு மறந்துபோச்சு. நீ சொல்லு." ஓட்டம் பிடிக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். இந்த வயதில் கப்பலேறி எந்த ஓட்டம்? எனக்குத் தெரியவில்லை.

கப்பலேறும் நாளில் நாகம்மா தறியை நிறுத்திவிட்டுக் கரைக்கு வந்தாள். சவரிமுத்து அவள் முன்னால் கை கூப்பினார். அவள் அதைப் பார்க்காததுபோல், "இடது காதுக்குப் பின்னாடி வெட்டுத் தழும்பு இருக்கும். வெங்கையானு கூப்புட்டா திரும்ப மாட்டாரு, காது மந்தம். தோளத் தொட்டுக் கூப்புடு" என்றாள்.

"என்ன மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

"அதெல்லாம் அவரு வந்தப்புறம் பேசலாம். நீ மொதல்ல போ."

படகு அலையைத் தாண்டி மறையும்வரை அவள் நின்றாள். திரும்பும்போது, "அக்கா இருந்திருந்தா இன்னா சொல்லியிருக்கும்?" என்று கேட்டாள். அன்றைக்கு உன் குரல் வேண்டும் என்று எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? நீ கேட்டுக்கொண்டே இருந்தது இதைத்தானா அக்கா? இது நீதியா, இல்லை அதன் ஆரம்பம் மட்டும்தானா? அவர் வெறுங்கையோடு திரும்பினால் அதை என்னவென்று சொல்வது? நீ இருக்கிற மோட்சத்தில் அழுகை இல்லையென்று பூசையில் சொல்கிறார்கள். வெங்கையா அங்கே வந்து சேர்ந்திருந்தால் உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எங்களுக்குச் சொல்ல வழியில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். வாடை ஓய்ந்து முதல் கப்பல் கண்ணுக்குத் தெரிந்ததும் நானும் நாகம்மாவும் கரைக்குப் போவோம். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் வெங்கையாவைக் கேட்பேன். மற்றவர்களையும் ஒருவர் விடாமல் கேட்பேன். சவரிமுத்து என்ற பெயரைச் சொல்ல என் நாக்கு இன்னும் கூசுகிறது. ஆனாலும் அதையும் சேர்த்தே கேட்பேன்.

நீ கூப்பிடாமல் ஒரு வருஷம் கஞ்சி குடித்த,
உன் கூடப்பிறந்த தம்பி,
இராயப்பன்