பதினாறு கூறு எண்ணும் உங்கள் கல்லறைக் கல்லும்

என் அன்பு மாமாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காய்ச்சலில் போய் மூன்று மாதம் கழித்து, பாரிஸிலிருந்து உங்களுக்குப் பதில் வந்திருக்கிறது. அக்காவுக்குத்தான் பிரெஞ்சு படிக்கத் தெரியாதே. உறையை என்னிடம் நீட்டினாள்.

"படிடா. ஒத்துக்கிட்டாங்களா?"

அக்காவுக்கு அது வெறும் வார்த்தை; அதன் கணக்கு உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். ஊரே தனித்தனி எண்ணை வைத்துக் கணக்குப் போட, நீங்கள் பதினாறு கூறுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக எடுத்தீர்கள். நான்கு கூறு, எட்டு கூறு எண்களில் பூஜ்யம் அல்லாத இரண்டைப் பெருக்கினால் பூஜ்யம் வராது என்று புத்தகத்தில் படித்திருந்தோம். பதினாறிலும் வராது என்று நீங்கள் பாரிஸிலுள்ள ஒரு கணிதப் பேராசிரியருக்கு எழுதி அனுப்பினீர்கள்.

அனுப்பும் முன், பதினாறு கூறுகளையும் ஒன்றோடொன்று பெருக்கிய அட்டவணையின் இருநூற்றைம்பத்தாறு பெருக்கலையும் சரிபார்த்தது நான். "ரெண்டு ரெண்டு கூறா கூட்டியும் பெருக்கிப் பாரு மச்சான்," என்றீர்கள். அன்று சாயங்காலம் கடற்கரையில் பேண்டு வாசிப்பு இருந்தது. "பாத்துட்டேன் மாமா, எங்கயும் பூஜ்யம் வரல," என்று சொல்லிவிட்டு ஓடினேன். நான் பார்க்கவேயில்லை. நீங்கள் மறு கேள்வி கேட்காமல் உறையை ஒட்டினீர்கள்.

பாரிஸ்காரர் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். உங்கள் முடிவு தவறு என்று சொல்லி, கூட்டிப் பெருக்கினால் பூஜ்யமாகும் ஒரு ஜோடியையும் கொடுத்திருக்கிறார்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சு சொல்றாங்களாம்க்கா," என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஜோடியைப் பெருக்கினேன். நாலே பெருக்கல் மாமா. இரண்டிரண்டாக அடிபட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்காதா?

மறுநாளே அக்கா கல்தச்சரிடம் போய்விட்டாள். கல்லறைத் திருநாளுக்குள் உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் உங்களுக்குக் கல் வைக்க வேண்டுமாம். அதில் உங்கள் பெயருக்குக் கீழே "பதினாறு கூறு எண்ணில் பூஜ்யம் பிறக்காதெனக் கண்டவர்" என்று வெட்டச் சொல்லியிருக்கிறாள்.

"பதில் வரட்டுமேக்கா."

"எதுக்குடா? நீ பாத்துட்டேன்னு சொன்னப்பவே அவரு நிம்மதியாத் தூங்கினாரு. எனக்கும் அது போதும்."

நாளைக் காலையில் கல்தச்சர் உளி வைக்கிறார். திருநாளன்று மெழுகுவத்தியோடு நீங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்த கல்லூரிக்காரர்களும் வருவார்கள், படிப்பார்கள், தவறென்று தெரிந்ததும் தங்களுக்குள் சிரிப்பார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அக்காவோ என்று பாரிஸ் கடிதத்தைத் தலையணைக்கடியில் தள்ளுகிறேன். அவள் அழுதால் தாங்கிக்கொள்வேன். அழாமல் "அவரு உன்னை நம்பினாரேடா" என்று மட்டும் சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? நீங்கள் இருந்தால் திட்டியிருப்பீர்களா, அடுத்த தாளை எடுத்திருப்பீர்களா?

பயம் போகவில்லை மாமா. ஆனாலும் விடியும் முன் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கடிதத்தைத் தமிழில் வரி விடாமல் படித்துக் காட்டுவேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. அதன்பின் உங்கள் கல்லறைப் பக்கமே வராதே என்று அவள் சொன்னால், திருநாளன்று வெளியே ரோட்டிலேயே நிற்கிறேன். உங்கள் தலைமாட்டில் என் பொய் நிற்காது.

உங்கள் மச்சான்,
அந்துவான்