குறைந்த போதைக்கு நீ எழுதி அனுப்பிய பக்குவம்

முருகன் துணை

மண்ணரை, திருப்பூர்
12-8-67

கண்ணு கந்தவேலுக்கு அம்மா கமலாம்பாள் எழுதிக்கொண்டது. சிவன்மலையான் கிருபையில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் உன் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்புச் சங்கதி அவ்வளவுதான். மனசுச் சங்கதி கேட்டால் எரிகிறது. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் படிப்புக்கு உன்னை லீட்ஸுக்குக் கப்பல் ஏற்றினோமா, ஊறல் போடும் படிப்புக்கு ஏற்றினோமா? போன மாதம் நீ அப்பாவுக்கு எழுதிய கடிதாசியை நானும் நான்கு முறை படித்துவிட்டேன். அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றமில்லையாம், முளைகட்டிய பார்லியைப் பாதியாகக் குறைத்தால் போதையும் பாதியாகிவிடுமாம், ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்களுக்கு இது நல்ல வழியாம். கண்ணு, அங்கே குற்றமில்லை, இங்கே மதுவிலக்குப் போலீஸ் வீடு புகுந்து பானையை உடைப்பான் என்பது இரண்டே வருஷத்தில் உனக்கு மறந்துவிட்டதா?

உன் அப்பா தைப்பூசத்தன்று சிவன்மலையில் சூடத்தைக் கையால் அணைத்து இனிச் சாராயம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர். கல்லீரல் வீங்கியிருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் குடித்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அந்தச் சத்தியமே. ஐந்தரை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ராத்திரியில் கை நடுங்கும், சோறு இறங்காது, என் மேல் எரிந்து விழுவார், இருந்தாலும் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து வந்தது உன் கடிதாசி, கூடவே காய்ந்த பூ ஒரு பொட்டணம். அது பீருக்குக் கசப்புக்குப் போடுகிற பூ என்று எனக்கு யார் சொன்னார்கள், சீமையிலிருந்து பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று முருகன் படத்துக்கு வைத்து இரண்டு நாள் கும்பிட்டேன். உன் அப்பா கடிதாசியைப் படித்துவிட்டு, நாஞ் சத்தியம் பண்ணுனது சாராயத்துக்குத்தானே புள்ள, பீருன்னு சொல்லலியே, அதும் நம்ம பையனே கொறச்சுப் போட்டு எழுதியிருக்கறான் என்றார். சாமி படத்திலிருந்து பூவை எடுத்துக்கொண்டு நேராகத் துணி வெளுக்கும் நம் சலவைப்பட்டறைக்குப் போய்விட்டார். அங்கே பிளீச்சிங் நெடியில் எந்தப் போலீஸுக்கும் ஊறல் வாசம் தெரியாது என்கிற சாமர்த்தியம் வேறு.

நீ எழுதியபடி செய்திருந்தாலும் பரவாயில்லை. பாதிப் பார்லியில் காய்ச்சியது சப்பென்றிருக்கிறது என்று வெல்லத்தைத் தட்டி இரண்டு பங்காகப் போட்டார். ரொட்டிக்கடையில் ஈஸ்ட் வாங்கிக் கலக்கினார். மானியில் ஆறுக்கு மேல் காட்டக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, உடனே பட்டறையில் பிளீச்சிங் தொட்டித் தண்ணீரின் காரம் பார்க்க மிதக்கவிடும் கண்ணாடி மானியைக் கழுவி அதில் விட்டார். பதினாலு காட்டியது. கொட்டிவிடுங்கள் என்றேன். இருபத்தஞ்சு வருசமா இந்த மானியப் பாக்கறேன், எனக்கு நீ சொல்லித் தர்றியா, வெச்சிருந்தா தானா எறங்கும் என்றார். தினமும் காலையில் போய்ப் பார்ப்பதும், பத்து, ஏழு, மூன்று என்று வந்து என்னிடம் சொல்வதுமாக ஒரு வாரம் போயிற்று. ஒன்றுக்கு இறங்கிய அன்று, காரம் செத்துப்போச்சு புள்ள, இனி இது மோராட்டந்தான் என்று முகமெல்லாம் சிரிப்பு. அந்த மோரில் நான்கு டம்ளர் குடித்துவிட்டு, தொட்டியில் பிளீச்சிங்குக்குத் துணியை இறக்கியவர் அப்படியே மூட்டை மேல் சாய்ந்துவிட்டார். பல்லடத்துக்கு லோடு இறக்கப் போயிருந்த நம் பட்டறை ஆள் நல்லான் சாயங்காலம் வந்து, அதுவரை பிளீச்சிங்கிலேயே ஊறிக் கிடந்த துணியை எடுத்தால், விரல் பட்ட இடமெல்லாம் கிழிந்து வருகிறது. அறுபது உருப்படி பனியன் துணி. துணி கொடுத்த பார்ட்டி வாசலில் நின்று கத்தியதை மண்ணரை முழுக்கக் கேட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லித்தருகிற உன் அத்தை மகன் ஆத்தப்பன் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். மாமா, தொட்டியில நம்பர் எறங்குனா காரம் போச்சுன்னு அர்த்தமுங்க, இதுல நம்பர் எறங்குனா இனிப்பெல்லாம் போதையா மாறிருச்சுன்னு அர்த்தமுங்க, ஆறுன்னு தம்பி எழுதுனது மொத நாளைக்குங்க, நீங்க குடிச்சது அவன் சொன்னதுக்கு ரெண்டு பங்குக்கு மேலங்க என்றான். உன் அப்பா முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். நான் விடவில்லை. சத்தியத்தில் ஓட்டை தேடின மனுசருக்கு இது வேண்டியதுதான் என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். இரண்டு நாள் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

மூன்றாம் நாள் உன் கடிதாசியைக் கேட்டு வாங்கி மறுபடி படித்தார். இந்தப் பக்குவம் சரியாக வர ஐந்து முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, அஞ்சு தடவயும் ஆரு புள்ள குடிச்சாங்க என்று கேட்டார். நான்கு முறை படித்தும் எனக்கு அது படவில்லை கண்ணு. கொறச்சுக் குடிக்கறதுக்கு வழி தேடறவனுக்கு என்ன கஷ்டமுன்னு எனக்குத் தெரியும், நானும் தண்ணி கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு எல்லாம் பண்ணிப் பாத்தவன் என்று சொல்லி அழுதார். எங்கள் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை. ஊறல் பானையை அவர் கையாலேயே சாக்கடையில் கவிழ்த்தார். சூடம் அணைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், அவன நிறுத்துன்னு சொல்றதுக்கு எனக்கொரு மொகம் வேணும், அதுக்காகவே நிறுத்தறேன் என்றார். இன்றோடு பத்தொன்பது நாள். கை இன்னும் நடுங்குகிறது, அதனால்தான் அவருக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

முருகன் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். சாமளாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட உன் தங்கைக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது, அவளுக்கு எழுதித் தொலைக்காதே. பதில் எழுதும்போது குளிர் அடிக்கிறது, படிப்பு நடக்கிறது என்று ஆரம்பிக்காதே. தினம் எத்தனை டம்ளர் என்பதை முதல் வரியில் எழுது. குறைத்து எழுதாதே சாமி, நான் நம்பிவிடுவேன், உன் அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அம்மா
கமலாம்பாள்