எலிகளுக்குப் போட்ட தங்கம்

பெஹாலா, கல்கத்தா
4 ஆகஸ்ட் 2005

சிரஞ்சீவி ராஜாராமனுக்கு அக்காவின் ஆசிகள்.

போனில் பாதிதான் சொன்னேன். சிலிகுரி பாங்கிலிருந்து உன் அத்திம்பேர் லீவில் வந்திருக்கிறார். அவர் பக்கத்தில் நின்றால் எனக்குப் பேச்சே வராது.

தொண்டையில் இருப்பது கான்சர்தான். சின்னக் கட்டி, முப்பத்தைந்து தடவை ரேடியேஷன் கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு என்கிறார் டாக்டர். 22ஆம் தேதி ஆரம்பம். வாயெல்லாம் புண்ணாகுமாம், ருசி போய்விடுமாம். யார் வீட்டு ரசத்தையும் குறை சொல்லாமல் விடாதவளுக்கு நல்ல தண்டனை!

நீ அங்கே ரேடியேஷனில்தானே ஆராய்ச்சி செய்கிறாய்? அது என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதேன்.

அன்புடன்
அனந்தலக்ஷ்மி


பாஸ்டன்
11 ஆகஸ்ட் 2005

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

கேட்டாயே, சந்தோஷம். இதுவரை நம் வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கி ரத்தத்தில் செலுத்துகிறோம். அது கட்டியில் போய்த் தங்குகிறது. மேலே கதிர் படும்போது தங்கம் அதைப் பிடித்து, கட்டியை அங்கேயே இன்னும் பலமாகத் தாக்குகிறது. தங்கம் போட்ட எலிகளில் முக்கால்வாசி பிழைத்துக்கொண்டன. வெறும் கதிர் மட்டும் வாங்கியவை பெரும்பாலும் செத்துவிட்டன. சீக்கிரமே மனிதர்களுக்கும் வந்துவிடும், பார். அப்புறம் புண்ணும் கிடையாது, ருசியும் போகாது.

உன்
ராஜா


பெஹாலா
9 அக்டோபர் 2005

ராஜா,

கோபித்துக்கொள்ளாமல் படி. நான் ரேடியேஷனுக்குப் போகவில்லை. போனில் “நடந்துண்டிருக்கு” என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய்.

உன் கடிதம் ஆகஸ்ட் 20ஆம் தேதி வந்தது. சீக்கிரமே வரப்போகிறது என்றால் எதற்காக இந்தப் பழைய வைத்தியத்தில் வாயை வேகவைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. அத்திம்பேரிடம், டாக்டர் துர்கா பூஜைக்கு அப்புறம் வரச் சொன்னார் என்றேன். இந்த ஊரில் எல்லா வேலையும் பூஜைக்கு அப்புறம்தானே, அவரும் நம்பிவிட்டார்.

இப்போது தெருமுனையில் பந்தல் போட்டாயிற்று. எனக்கு இட்லிகூட விழுங்க முடியவில்லை. நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எலிக்குப் போட்டதை எனக்குப் போட்டுப் பாரேன். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்.

அக்கா


பாஸ்டன்
20 அக்டோபர் 2005

அக்கா,

நேற்று போனில் கத்தியதற்கு மன்னித்துவிடு.

மனிதர்களுக்கு அது வரப் பத்து வருஷமோ இருபது வருஷமோ, வராமலே போகுமோ, யாருக்கும் தெரியாது. உனக்கு எழுதிய அன்றைக்கே எனக்கு இது தெரியும். அக்கா கேட்கிறாள் என்ற பெருமையில் ‘சீக்கிரமே’ என்று எழுதிவிட்டேன். நீ பழைய வைத்தியம் என்கிறாயே, அதுதான் உன்னைக் காப்பாற்றும். இன்னும் போகவில்லையென்றால் இது கிடைத்த அன்றைக்கே போ. போய்விட்டு எனக்குப் போன் செய்.

எலிக் கூண்டுப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. இந்த வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

ராஜா


பெஹாலா
29 ஜனவரி 2006

சிரஞ்சீவி ராஜாவுக்கு,

முப்பத்தைந்தும் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. முகத்துக்கு அச்செடுத்தாற்போல் ஒரு பிளாஸ்டிக் வலை செய்து, மேஜையோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. அத்திம்பேர் சிலிகுரிக்குத் திரும்பிவிட்டதால், பக்கத்து வீட்டு வங்காளி மாமி, மாஷிமாதான் தினமும் டாக்ஸியில் கூடவே வந்தாள். நேற்று அவள் கொண்டுவந்த பாயசம் மண்ணாக இருந்தது; பிரமாதம் என்று சொல்லிவைத்தேன்.

ஸ்கேன் பார்த்தாயிற்று. கட்டி சுருங்கியிருக்கிறது, போகவில்லை. கழுத்துக்கும் பரவியிருக்கிறது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். “ஆகஸ்டிலேயே வந்திருந்தால்...” என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். எனக்குக் கோபமே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பத்து நாள் இருந்தது, உன் பேரில் பாதி, என் பேரில் பாதி. இப்போது இல்லை.

வேலையை விடுகிறேன் என்று இனி எழுதாதே. பத்து வருஷமோ இருபது வருஷமோ ஆகட்டும், அப்போது ஒருத்தி இந்த மேஜையில் படுக்கத்தானே போகிறாள்.

ஏன் இத்தனை தாமதம் என்று டாக்டர் கேட்டார். பயமாக இருந்தது என்றேன். அத்திம்பேரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பி, “முன்னாடியே சொல்லியிருந்தா நான் கூட இருந்திருப்பேனே” என்று அழுதார். அடுத்த மாதம் நீ வரும்போது வாய் தவறிக்கூட உண்மையைச் சொல்லிவைக்காதே. எனக்கு அப்புறம் அவருக்கு நீயும், உனக்கு அவரும்தானே இருக்கிறீர்கள்.

ஆசிகளுடன்
அக்கா