இரண்டாவது சாவி

என் உயிர் மச்சான் ஏகாம்பரத்துக்கு, உன் காதரின் சலாம்.

நலமா என்று எழுதப் போனேன், கை நின்றுவிட்டது. உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நாலு வருஷமாக மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முந்தாநாள் நடந்ததை எழுதித்தான் தீர வேண்டும். கடைப் பலகையைப் பாதி எடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். சைக்கிள் ட்யூப் கேட்டு எவன் வந்தாலும் நிற்கட்டும்.

முதலில் நல்ல சேதி. நீ தாத்தாவாகிவிட்டாய். வசந்தாவுக்குப் பெண் குழந்தை. மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம் அந்தக் குழந்தை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உன் வண்டிதான். ஆமாம், ஆடி மாசத்தில்தான். கோபித்துக்கொள்ளாதே, முழுக்கச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். என் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

எண்பத்து மூணில் நீ பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றது நினைவிருக்கிறதா? அரசாங்கமும் ஒரு ஜப்பான் கம்பெனியும் சேர்ந்து சின்ன கார் போடப் போகிறார்கள் என்றாய். காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை நெய்து கொடுக்கிறவனுக்குக் கார் எதற்கு என்று சிரித்தேன். நீ பேப்பரை விரித்து ஒரு பத்தியின் மேல் விரலை வைத்தாய்.

"அந்தக் கம்பெனிக்காரன் முதல்ல தறிதான் செஞ்சிகினு இருந்தானாம் மச்சான். தறி செஞ்ச கை, ஏனோதானோன்னு வண்டி செய்யாது."

முதலில் தறி. அப்புறம் மோட்டார் வைத்த சைக்கிள். அதற்கப்புறம்தான் கார். சைக்கிள் என்றதும் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தறி உன் பங்கு, சைக்கிள் என் பங்கு என்று பேசிக்கொண்டோம். அந்த ஊரில் சின்ன எஞ்சினுக்கு வரி கம்மி, அதனால் சின்னதாகவே செய்து பழகிவிட்டான் என்றும் படித்துச் சொன்னாய். அன்றிலிருந்து உத்திரமேரூர் முழுக்க உனக்கு இதே பேச்சு. ஜப்பான்காரன் ஏதோ உன் பங்காளி என்று நினைத்துக்கொண்டார்கள். பணம் கட்டிப் பதிந்தாய். காஞ்சிபுரத்துக்கு என்னையும் இழுத்துப் போய், இரண்டு பேரும் ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்தோம். இரண்டு வருஷம் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கடைசியில் கடிதம் வந்தது, ஆடி பிறந்த மறுநாள். ஒரு வாரத்துக்குள் வந்து எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். ஆடியில் புது வண்டி எடுப்பதா என்று உன் சம்சாரம் ருக்மணி அடுப்பே மூட்டவில்லை. நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். கார் விற்கிற கடைக்காரனின் டிரைவரே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் விடட்டும், நீ ஏறாத வரைக்கும் அது அவன் வண்டி. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நீ ஸ்டீயரிங் பிடித்தால்தான் அது உன் வண்டி.

மதராஸில் அந்த வெள்ளை வண்டியை இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். டிரைவர் அதில் ஏறிப் போனான். நாம் பின்னாலேயே பஸ் பிடித்து ஊர் வந்தோம். புது காரை வாங்கிவிட்டுப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த ஆட்கள் இந்த ஜில்லாவிலேயே நாம் மட்டும்தான் இருப்போம். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்துகிறது.

வண்டி வந்த அன்று நம் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தானே, அதையும் மறக்க முடியுமா? அம்பாசிடரிலேயே வாழ்ந்தவன். முன்னாலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற தண்டையே காணோம், கம்பெனியில் போட மறந்துவிட்டான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். முன் சக்கரம்தான் இழுக்கிறது என்று நான் புரியவைப்பதற்குள் ருக்மணி தங்கச்சி அழ ஆரம்பித்துவிட்டாள். நீ மட்டும் கதவை மெதுவாக மூடி, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அன்றைக்குச் சாயங்காலமே சாவியை என் கையில் கொடுத்தாய். வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது என்றாய். "உனக்கு ஆடியும் ஒண்ணு, ஆவணியும் ஒண்ணு. உங்கிட்ட இருந்தாத்தான் பத்திரம். நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காத." நான் அதைக் கல்லாவுக்கு மேல் ஆணியில் மாட்டினேன். பெரிய பொறுப்பு வந்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு மிதப்பு.

ஆவணி பிறக்க ஒன்பது நாள் இருக்கும்போது நீ வந்தாய். காலை பத்து, பத்தரை இருக்கும். நான் சைக்கிள் சக்கரத்துக்குப் போடுகிற பால்ரஸ் குண்டுகளைத் தட்டில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ உள்ளே வரவில்லை. வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். சட்டை நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். வெயில்தான் மச்சான், அன்றைக்கு நல்ல வெயில்.

"வண்டிய எடு மச்சான். காஞ்சிபுரம் வரிக்கும் போய்ட்டு வந்துடலாம்."

"இன்னாத்துக்கு இப்போ?"

"சும்மாதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாய் இருக்கிறதே, இதை என்ன செய்தால் தகும்? "இன்னும் ஒம்போது நாள் கீது. கெஞ்சினாலும் குடுக்காதன்னு சொன்னவரு எங்க போனாரு?" என்றேன். குண்டுகளிலிருந்து தலையைக்கூடச் சரியாகத் தூக்கவில்லை.

நீயும் சிரித்தாய். "கரீட்டுதான். சொன்னது நாந்தான்" என்றாய். பானையிலிருந்து இரண்டு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தாய். சாலவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. நீ போய் ஏறி, மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்தாய். நான் இங்கிருந்தே கையை ஆட்டி, கார் முதலாளிக்கு வழிவிடுங்கப்பா என்று கத்தினேன். அதுதான் நான் உன்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை.

மாகறல் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் தோளில் நீ சாய்ந்துவிட்டாய் என்று கண்டக்டர் வந்து சொன்னார். தூங்குகிறாய் என்று நினைத்தார்களாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளை ஏற்றி இறக்கித்தான் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே உன்னை எழுப்பப் போனபோதுதான் தெரிந்ததாம். அவர்களை என்ன சொல்வது?

அதற்குப் பிறகு நான் எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். வண்டி ஆசையில்தான் நீ வந்தாய், சின்னப் பிள்ளை பொம்மைக்கு அலைகிற மாதிரி. வலி பஸ்ஸில்தான் வந்திருக்கும். கடை வாசலில் நின்றபோது உனக்கு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாயா? இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் நாலு வருஷம் சோறு தின்றேன்.

அப்படியும் நீ விட்டாயா? பத்தரை பஸ் போகும்போதெல்லாம் மூன்றாவது ஜன்னலைப் பார்க்கிறேன். யாராவது உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. காலியாக இருந்தால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. உன் வீட்டுப் பக்கம் போனால் வண்டி மேல் போட்ட தார்ப்பாய் நடுவில் குழிந்து கிடக்கும், ஓட்டுகிற பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கும். காற்றுதான் என்று தெரியும். தெரிந்தும் எதிர்ப் பக்கமாகவே நடப்பேன்.

ருக்மணி விற்க ஒப்பவில்லை. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து நான்தான் போய் எடுத்து, ஏரிக்கரை வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துகிறேன். ஆடியில் மட்டும் தொடுவதில்லை. ஆடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், சொல். உன்னிடம் கொடுத்த வாக்கு, அதனால்.

இப்போது ஊரில் இதே வண்டி இன்னும் இரண்டு வந்துவிட்டது. நம் டாக்டர் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார். மதராஸ் போய் வந்தும் பெட்ரோல் முள் இறங்குவதில்லையாம். ரைஸ்மில்காரர் வாங்கிய வேகத்தில் விற்றுவிட்டார். குடும்பம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு கரைமேல் போனால் அடி தட்டுகிறதாம், எருமை உரசினால் கதவு நசுங்குகிறதாம், லாரி கடந்தால் வண்டி ஆடுகிறதாம். ஒரு சின்ன சாமானுக்கு மதராஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்று என் கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் திட்டினார். மறுபடி அம்பாசிடருக்கே போய்விட்டார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். ஆனால் ஒன்றை இரண்டு பேருமே ஒத்துக்கொள்கிறார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை மச்சான். ஒவ்வொரு வெள்ளியும் உன் வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்கிறது. ஒரு தடவையாவது மக்கர் பண்ணக்கூடாதா? தள்ளு தள்ளு என்று நாலு பேரைக் கூப்பிட வைக்கக்கூடாதா? அப்படி இருந்தால், அன்றைக்கு எடுத்திருந்தாலும் நேரமாகியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். தறி செய்தவன் அதற்கும் இடம் வைக்கவில்லை.

இனி முந்தாநாள் கதை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த வசந்தாவுக்குச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, குழந்தை திரும்பிக் கிடக்கிறது, உடனே காஞ்சிபுரம் கொண்டுபோங்கள் என்றார். ருக்மணி என் கடைக்கு ஓடி வந்தாள். அதே பத்து, பத்தரை. அதே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, வண்டிய எடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கூச்சமாக இருக்கிறது. "ஆடியாச்சேம்மா" என்றேன். நாலு வருஷம் ஒவ்வொரு நாளும் அந்த வாசலைப் பார்த்து அழுதவன், அதே வாசலில் ஒருத்தி வந்து நின்றதும் அதையேதான் சொன்னேன். கை ஆணிப் பக்கம் போகவே இல்லை.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியைக் கல்லா மேல் வைத்தாள். என் ஆணியில் தொங்குகிற சாவிக்கு அச்சு அசலாக ஜோடி. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்க நேரமில்லை. எடுத்துக்கொண்டு ஓடினேன். தார்ப்பாயை இழுத்தேன், திருப்பினேன், பிடித்துக்கொண்டது.

வசந்தா பின்னால் தங்கச்சி மடியில் படுத்துக்கொண்டாள். மாகறலுக்கு முன்னாலேயே அந்தப் பத்தரை பஸ்ஸைத் தாண்டினேன். தாண்டும்போது ஜன்னல்களை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸைத்தான் பார்த்தேன். சின்னதாகிக்கொண்டே போனது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் கஷ்டம் என்று நர்ஸ் அம்மா சொன்னார்.

குழந்தையைப் பார்த்த பிறகு வராந்தாவில் உட்கார்ந்து, இந்தச் சாவி ஏது என்று ருக்மணியிடம் கேட்டேன். சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"விடியக்காலம் எந்திரிச்சி தார்ப்பாய்க்குள்ள பூந்துப்பாரு. ஸ்டார்ட் பண்ண மாட்டாரு. சாவிய கையில வெச்சிகினு சும்மா உக்காந்துகினு இருப்பாரு. கடேசி நாளு அவரு சட்டப் பையிலதான் இது இருந்திச்சிண்ணா. உங்களாண்ட சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான் வாயத் தொறக்கல."

கார் கடைக்காரன் இரண்டு சாவி கொடுத்திருக்கிறான். ஒன்றை என்னிடம் கொடுத்தாய், ஒன்றை நீ வைத்துக்கொண்டாய். திருட்டுப் பயலே.

அன்றைக்கு என் கடை வாசலில் நின்றபோது உன் பையில் சாவி இருந்திருக்கிறது. ஓட்டவும் உனக்குத் தெரியும். வண்டி ஆசையாக இருந்தால் என்னிடம் ஏன் வருகிறாய்? நீயே எடுத்துப் போயிருப்பாய். நீ சாவிக்கு வரவில்லை. உன்னால் ஓட்ட முடியாமல்தான், நான் ஓட்டுவேன் என்று நம்பி வந்திருக்கிறாய். வலியோடு வந்து நின்ற உன்னை நான் கிண்டல் பண்ணிப் பஸ் ஏற்றி அனுப்பினேன். நாலு வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த கதை அந்த வராந்தாவில் முடிந்துபோனது.

ஏன் மச்சான் சும்மாதான் என்றாய்? ஒரு வார்த்தை, நெஞ்சு வலிக்குது என்று சொன்னால் என்ன? நான் பயந்துவிடுவேன் என்றா? ஆடியில் வண்டி வாங்கினதால்தான் என்று ஊர் பேசும், ருக்மணி மனசு ஒடியும் என்றா? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாய்? இதற்கெல்லாம் யாரிடம் போய்ப் பதில் கேட்பேன்?

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ கேட்கமாட்டாய், போடா என்பாய். அதனால் வாக்கு மட்டும் கொடுக்கிறேன். கல்லாவுக்கு மேல் இருந்த ஆணியை இன்று காலை பிடுங்கிவிட்டேன். ஒரு சாவி ருக்மணியிடம், இன்னொன்று என் சட்டைப் பையில். ஆடியோ மார்கழியோ, வெள்ளியோ செவ்வாயோ, உன் தெருவில் யார் வந்து கேட்டாலும் நான் வண்டியை எடுப்பேன். இன்னாத்துக்கு என்று கேட்க மாட்டேன். சும்மாதான் என்று யாராவது சொன்னால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடுவேன்.

இப்படிக்கு,
உன்னை ஏற்றிக்கொண்டு போகாத
உன் மச்சான் காதர்