பதினேழாம் போர்டு

மார்ச் 4
என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாற்பத்தொரு நாள். கம்பெனியிலிருந்து கோட்டுக்காரன் வந்தான். அவர் இருந்தவரை "சார், சார்" என்று பின்னாலேயே திரிந்தவன். இப்போது அவர் நாற்காலியில் இவன். அவருடைய நீல நோட்டை வாங்கிப்போனான்.

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்குத் தரையிலேயே ஒரு பொய் விமானம். அதன் ஜன்னலில் ஓடுபாதையும் மேகமும் தெரியவைக்கிற சர்க்யூட் போர்டு அவர் வடிவமைத்தது. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"நோட்டுல பாதி வீட்டுக் கதையா இருக்கேம்மா," என்று இளித்தான். மூஞ்சியைப் பார்.

மார்ச் 9
"இன்னைக்கும் மத்தியானம் சாப்பிடலையாம்மா?" மகள்தான். பசித்தால்தானே.

மார்ச் 21
கம்பெனிக் கேன்டீன்காரர் போன் செய்தார். புதுப் போர்டு மாட்டிய நாளிலிருந்து பைலட்டுகள் மூன்று பேர் உள்ளேயே வாந்தியாம். கோட்டுக்காரன் ஏசியை மாற்றினான். இருக்கையை மாற்றினான். கேன்டீன் சாப்பாட்டைத் திட்டினான். மூளையைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிவிட்டான்.

மார்ச் 23
இப்போ இவரோட டிசைனே கோளாறுன்னு மேலிடத்துக்குக் கடிதம் எழுதி வச்சிருக்கானாம், இன்னும் அனுப்பலையாம். செத்தவர் வந்து பதில் சொல்லமாட்டார்ங்கிற தைரியம்! நான் இருக்கேன்ல? நாளைக்கே போறேன்.

மார்ச் 24
போனேன். நோட்டைப் பிரிக்கச் சொன்னேன். போர்டுக்கு ஒரு பக்கம். அடியில் "சாப்பிட்டாள்" அல்லது "சாப்பிடவில்லை".

"எதை மாட்டினீங்க?"

"பதினேழும்மா. அதுலதான் மரம்கூட இலை இலையாத் தெரியும்."

பதினேழின் அடியில் — சாப்பிடவில்லை.

"தம்பி, அந்த வீட்டுக் கதை நான்தான்."

ஒவ்வொரு போர்டையும் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை என்னை அந்தப் பொய் விமானத்தில் உட்காரவைத்துக் கைப்பிடியைத் திருப்பச் சொல்வார். கைக்குப் பின்னால் படம் ஒரு இமைப்பொழுது பிந்தினாலும் எனக்கு வயிற்றைப் புரட்டும். அன்று சாப்பாடு இறங்காது. மரத்துக்கு இலையைக் கூட்டினால் படம் பிந்தும் என்பார். இவ்வளவு படித்தவனுக்கு அடிவரி படிக்கத் தெரியவில்லை.

"படம் பிந்துதான்னு மீட்டர் வச்சுப் பார்க்கணும்மா..."

"நல்லாப் பாரு. யாரு வேணாம்னா?"

மார்ச் 27
மீட்டரும் என் வயிற்றின் கட்சியாம். காலையில் அவர் கடைசியாக முடித்த இருபதாம் போர்டை மாட்டினார்கள். கோட்டுக்காரனே கதவைத் திறந்துவிட்டான். "நீங்களே உட்காந்து பாருங்கம்மா."

திருப்பினேன். கையோடு கையாக ஓடுபாதையும் திரும்பியது. மரமெல்லாம் வெறும் பச்சைக் குச்சி. அழுகை வந்தது, குமட்டல் வரவில்லை.

கடிதத்தை என் எதிரிலேயே கிழிக்கவைத்தேன். நான்காகக் கிழித்தான். "இன்னும் சின்னதா," என்றேன்.

மதியம் சாப்பிட்டேன்.