இடது கையில் நாடி இல்லை

ஜனவரி 6, திங்கள்

பனி. கம்பெனி பஸ் ஜன்னலில் ஈரம். சூளகிரி வரும்வரை வெளியே ஒன்றும் தெரியவில்லை. அது பனியால். இன்னொன்று வேறு கதை.

காலையில் மாடியில் துணி காயப்போட்டேன். அண்ணாந்து கையைத் தூக்கியதும் ஓரத்திலிருந்து இருட்டு வந்து மூடியது. முதலில் இடது கண், அப்புறம் இரண்டும். கொடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன், விலகியது. விடியலில் பஜ்ர் தொழுகையில், நெற்றி தரையில் பட்ட சஜ்தாவிலிருந்து எழுந்தபோதும் இதேதான். இடது கை சில்லென்று இருக்கிறது. மாவு கலக்கினாலே ஓய்ந்துபோகிறது.

வாங்க: துவரம்பருப்பு, பாத்திர சோப்பு, இவருக்குப் பனியன் இரண்டு.

ஜனவரி 9, வியாழன்

லைனில் விழப் பார்த்தேன். சர்க்யூட் போர்டு டிரேயை மேல்தட்டில் எட்டி வைத்தேன், இருட்டிவிட்டது. மங்களா பிடித்தாள். பக்கத்து நாற்காலிக்காரி, ஊர் உத்தனப்பள்ளி, வீட்டில் தெலுங்கு.

"ஏமே பர்வீன், நின்னுக்கினே தூங்கறியா?"

ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்கு இழுத்துப் போனாள். அங்கே நர்ஸ் சுகந்தி சிஸ்டர். மேஜை இருக்கிற இடத்துக்கு எல்லாரும் இடது கையைத்தான் நீட்டுவோம். நானும் நீட்டினேன். பி.பி. மெஷின் முதலில் எரர். இரண்டாம் தடவை எடுத்தது.

"லோ பிரஷர்மா. ரொம்ப லோ. சாப்புடறதே இல்லியா நீ?"

விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் மாட்டினார். நம்பர் வரவில்லை. கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். "மருதாணி! அதான் மெஷின் எடுக்கல." வலது கை விரலில் மாட்டினார், உடனே வந்தது. வலது கையில் மருதாணி இல்லை. போன மாதம் கிருஷ்ணகிரியில் பெரியம்மா மகள் நிக்காஹ், எனக்கு நானே வைத்துக்கொண்டது. வலது கைக்கு வைத்துவிட ஆள் தேடுவதற்குள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

சிஸ்டருக்கு ஒரே பெருமை. "பாத்தியா? நகம் வளந்து சாயம் போவட்டும், அப்பறம் எடுத்துப் பாக்கலாம். அதுவரிக்கும் எலுமிச்சம்பழத்துல நல்லா உப்பு போட்டுக் குடி."

சரி என்றேன். எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து டியூட்டி. உப்புத் தண்ணீர் தினமும் இரண்டு டம்ளர். தலைவலிதான் மிச்சம்.

இன்று நான் கவனிக்காமல் என்னைத் தாண்டிப்போன ரிஜெக்ட் போர்டு மூன்று. மூன்றிலும் கோளாறு போர்டின் மேல் ஓரத்தில். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும்: "கண்ண எங்கம்மா வெச்சிருந்த?" முகத்தில்தான் சார், என்று சொல்லவில்லை. மதியத்திலிருந்து பேக்கிங். ஆறு வருஷமாக லென்ஸுக்குக் கீழே பார்த்தவள், இப்போது டேப் ஒட்டுகிறேன். அவமானமாக இருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. டேப் நேராக ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். தேதிகள் தெரிந்தன. மேலே மாதத்தின் பெயர் இருக்கும் இடம் சாம்பல் நிறம். கையை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தேன்.

கடைக்குப் போய் இவரிடம் சொன்னேன். பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார், டியூப் தண்ணீர்த் தொட்டியில்.

"ஏங்க, இடது கண்ணுல மேல்பாதி தெரியல."

"எப்பிலேந்து?"

"தெரியலயே."

டியூபை அப்படியே விட்டுவிட்டு ஷட்டரை இறக்கினார். வண்டிக்காரர் கத்தினார். மையத்து விழுந்த சாவு வீட்டுக்குக்கூடக் கடையை மூடாமல் வேலைப் பையனிடம் விட்டுப் போகிற மனுஷன் இவர்.

ஜனவரி 21, செவ்வாய்

ஓசூர், கண் ஆஸ்பத்திரி. வெயில். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். எல்லாம் வெள்ளையாகக் கூசியது. எதிரே ஓர் அம்மா போனில் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார், மருமகளோடு என்று நினைக்கிறேன்.

டாக்டர் சின்னப் பெண். நெடுநேரம் உள்ளே பார்த்தார். "கண்ணுல இருக்கிற சின்ன ரத்தக்குழாய் எல்லாம் முடிச்சு முடிச்சா வீங்கியிருக்கு. ரத்தம் பத்தலன்னா இப்படி ஆகும். உங்க கண்ணுக்குக் கழுத்துலருந்து ரத்தம் சரியா வரல."

பிறகு இடது மணிக்கட்டைப் பிடித்தார். விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினார். வலதைப் பிடித்தார். மறுபடி இடது. கழுத்தில் ஸ்டெத்தை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி யாராவது நாடி பிடிச்சுப் பாத்தாங்களா?"

"மெஷின்ல பாத்தாங்க. மருதாணியால வரலைன்னாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

வலது கையில் பி.பி. எடுத்தார். அதிகம், நன்றாகவே அதிகம். இடது கையில் லோ. ஒரே ஆளுக்கு இரண்டு பிரஷர். உப்புத் தண்ணீர் குடித்ததைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உடனே பெங்களூர் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் இவர் இளநீர் வாங்கித் தந்தார். குடித்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பெங்களூர் முடிந்தது. ஸ்கேன் படத்தில் என் கழுத்துக் குழாய் இடது பக்கம் நூல் மாதிரி. கைக்குப் போகிற குழாய் பாதியில் நின்றுவிடுகிறது. நோய்க்கு ஏதோ ஜப்பான் பெயர், சீட்டில் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாய்களின் சுவர் வீங்கி வழி குறுகிவிடுமாம். நம் உடம்பே நம்மைத் தாக்குவதாம். என் வயசுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம்.

டாக்டர் சொன்னவை:
– இடது கண்ணில் போனது வராது.
– வலது கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் அதுவும் போகும்.
– ஸ்டீராய்டு. முகம் ஊதும். சர்க்கரை ஏறலாம். கண்ணில் புரை வரலாம். (கண்ணுக்குத் தரும் மருந்தால் கண்ணிலேயே புரை. சரி.)
– இப்போதைக்குக் குழந்தை வேண்டாம்.
– உப்பு கூடாது.
– இந்த வருஷம் நோன்பு பிடிக்கக் கூடாது.

கடைசிக்கு முந்தியதில்தான் எனக்கு முகம் மாறியது என்றார் இவர். உப்பா? இருக்கும். குழந்தைக்கு மாறியிருக்க வேண்டும். அழ வேண்டும் என்று பாத்ரூமில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வரவில்லை. வெளியே வந்து கை கழுவினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மங்களா வந்தாள். உப்பில்லாமல் ராகிக் களி, கீரைக் குழம்பு. அவளே ஒரு வாய் தின்று முகத்தைச் சுளித்தாள். "இத்த மனுஷி தின்னுவாளா? தூ." பாதியை அவளே தின்றுவிட்டுப் போனாள். சுகந்தி சிஸ்டர் இப்போது எல்லாருக்கும் இரண்டு கையிலும் பி.பி. பார்க்கிறாராம், லைன் லேட்டாகிறது என்று சூப்பர்வைசர் புலம்புகிறாராம். என்னைப் பற்றிக் கேட்டு அழுதாராம். பாவம்.

பேக்கிங்கில் என் இடத்துக்கு ஒடிசாப் பெண் ஒருத்தி.

பயமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. முகம் ஊதத் தொடங்கியிருக்கிறது. மாத்திரை தொடங்கி இரண்டு வாரம்.

இவர் தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் கட்டிலில் உட்கார்ந்து என் இடது கையை எடுத்து மடியில் வைத்து நாடி தேடுகிறார். இத்தனை நாளாக உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். இன்று அப்படியே நிமிர்ந்தார்.

"பர்வீன்! வருது! அடிக்குது பாரு, நல்லா அடிக்குது!"

கண் நிறைந்துவிட்டது அவருக்கு. அல்ஹம்துலில்லாஹ் என்றார். என் அம்மாவுக்குப் போன் போட்டார், மங்களாவுக்கும் போட்டார்.

பெங்களூரில் பெரிய டாக்டர் பயிற்சி டாக்டரைத் திட்டியது எனக்கு மட்டும் தெரியும். இவர் அப்போது மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். கட்டை விரலால் நாடி பார்க்காதே, உன் விரலில் அடிக்கிற உன் நாடிதான் உனக்குத் தட்டுப்படும் என்று.

இவர் பிடித்திருந்தது கட்டை விரலால்.

"எழுந்து நில்லு, இப்ப கண்ணு எப்பிடி இருக்குன்னு பாக்கலாம்" என்றார். எழுந்தேன். ஓரத்திலிருந்து இருட்டு வந்தது. அவர் முகத்தில் பாதி போனது, பிறகு மீதி.

"தெரியுதா?"

"தெரியுதுங்க" என்றேன். அவர் கையை நான் விடவில்லை.